சத்தம் நிற்கும் இடம்

மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்கப் போனால் புறப்படுகிற இடத்தில் நிற்காதே, கொடி வாங்குகிற இடத்திலும் நிற்காதே என்பார் என் பெரியப்பா. ஒன்றில் கூச்சல், இன்னொன்றில் கூட்டம். எல்லைக்குப் போய் நில்லு என்பார். எங்கள் பக்கத்துப் பந்தயங்களில் தூரத்தைப் 'போய்வர எட்டு மைல்', 'போய்வர ஆறு மைல்' என்றுதான் சொல்வார்கள். போனவன் எங்கோ ஓரிடத்தில் வண்டியைத் திருப்பியாக வேண்டும். அந்தத் திருப்பம்தான் எல்லை. நேர் ரோட்டில் மாடு ஓடும். எல்லையில்தான் சாரதி ஓட்டுவான்.

புதுக்கோட்டைப் பக்கம் கீரனூரில் பிறந்த எனக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் இந்தப் பாடம்தான். சென்னை மோட்டார் விளையாட்டு மன்றம் 1953-இல் தொடங்கியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல காலம் பந்தயம் நடத்திவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் சொந்தத் தடம் திறந்தார்கள். சுற்று ஒன்றுக்கு 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு திருப்பங்கள். அதாவது பன்னிரண்டு எல்லை. பெரியப்பா இருந்திருந்தால் எந்த எல்லையில் நிற்பது என்று தெரியாமல் திண்டாடியிருப்பார்.

அங்கே வண்டிகளைப் பிரிக்கும் முறையும் நமக்கு அந்நியமில்லை. இங்கே பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று ஜோடி பிரிப்பது போல அங்கே சிசி கணக்கு. எங்கள் ஊர்ப் பூஞ்சிட்டுக்கு நிகராக, புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பிரிவு உண்டு: நோவிஸ், ஸ்டாக், 165 சிசி. கடையில் வாங்கிய வண்டியில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் ஓட்ட வேண்டும். தேசியப் போட்டியின் மற்றப் பிரிவுகளை நான் மரியாதையோடு பார்ப்பேன். இதை ஆசையோடு பார்ப்பேன்.

காரணம் சொல்கிறேன். ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் போன்ற கைதேர்ந்தவர்கள் ஓட்டும்போது பார்க்கிறவனுக்கு ஒன்றும் பிடிபடாது. எல்லாம் தானாக நடப்பதுபோல் இருக்கும். வித்தை உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. புது ஆள் புது வண்டியில் வந்தால் தையல் வெளியே தெரியும். எங்கே ஊசி ஏறியது, எங்கே நூல் இழுத்தது என்று எண்ணிப் பார்க்கலாம்.

அப்படி எண்ணிப் பார்க்க எனக்கு வாய்த்தவன் என் அக்கா மகன். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பழைய வண்டி ஒன்றில் பழகினான், பயிற்சி முடித்து உரிமமும் வாங்கினான். அப்புறம் ஆர்15 ஒன்று எடுத்தான். 155 சிசி. முன்பக்கம் தலைகீழ் ஃபோர்க், கிளட்ச் பிடிக்காமலே கியர் ஏற்ற க்விக் ஷிஃப்டர். கியர் லீவரைத் தொட்ட கணத்தில் எஞ்சினின் பொறியைக் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி, பல்சக்கரங்கள் மாறிக்கொள்ள இடம் கொடுக்கிற கருவி அது. பழைய வண்டியில் இது எதுவும் கிடையாது.

புது எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் முறுக்கக் கூடாது என்பதால் கீரனூருக்கும் திருச்சிக்கும் இடையே அவன் பாதி ஆக்ஸிலேட்டரில் போய்வந்துகொண்டிருந்தான். டவுன்பஸ் கூட அவனை முந்தியது. டீக்கடையில் கேலி செய்தார்கள். பந்தயத்துக்குப் போகிறவன் இவ்வளவு மெதுவாகவா போவான்? இந்தப் பொறுமையை நான் முதல் தேர்ச்சியாகக் கணக்கு வைத்தேன். பிறகு எண்ணெய் மாற்றினான். கண்ணாடிகள், நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றினான். எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் சிறு துளை போட்டு மெல்லிய கம்பி கோத்து முறுக்கிக் கட்டினான். அதற்கு லாக் வயர் என்று பெயர். போல்ட் தளர்ந்து எண்ணெய் தடத்தில் சிந்தினால் பின்னால் வருகிற பத்துப் பேர் விழுவார்கள். அந்தக் கம்பியை ஒரே சீராக முறுக்குவதே ஒரு கைவேலை. பூக்கட்டுகிற விரல் வேண்டும்.

வியாழக்கிழமை இரவு குட்டி யானையில் வண்டியை ஏற்றிப் புறப்பட்டோம். செங்கல்பட்டு தாண்டி, சிங்கப்பெருமாள்கோயிலில் திரும்பி, ஒரகடம் வழியாகப் போனோம். அந்த வட்டாரத்தில்தான் யமஹாவும் ராயல் என்ஃபீல்டும் வண்டி செய்கின்றன. செய்கிற இடத்துக்கும் சோதிக்கிற இடத்துக்கும் நடுவே அரைமணிப் பயணம் கூட இல்லை. பந்தயத்துக்கு முந்தைய சோதனையில் ஹெல்மெட், தோலுடை, கையுறை, பூட்ஸ், முதுகுக் கவசம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்கள். லாக் வயரை விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எனக்கு என்னவோ எனக்கே பட்டம் கொடுத்தது போலிருந்தது.

இனி என் ரசனைக்கு வருகிறேன். முழங்கால் தரையில் உரசுகிற படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, 'பாருங்க எப்படிச் சாய்க்கிறான்' என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. முழங்கால் ஒரு அளவுகோல், அவ்வளவுதான். எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று ஓட்டுகிறவனுக்குத் தரை சொல்லும் சேதி. பார்க்கிறவன் அதை ரசிப்பது, கச்சேரியில் வித்வானின் தலையாட்டலை ரசிப்பது மாதிரி. மோட்டார் சைக்கிள் பந்தயத்தைக் காதால் பார்க்க வேண்டும்.

ஒரு திருப்பத்தின் உள்பக்கமாக, பாதுகாப்பு வேலிக்கு வெளியே நின்று கேளுங்கள். தூரத்திலிருந்து ஒரு முழு ஓசை வரும். திடீரென்று அறுந்துபோகும். ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டான், பிரேக். முன் ஃபோர்க் அமுங்கி வண்டியின் பாரம் முழுதும் முன் டயரின் ஓர் உள்ளங்கை அகல ரப்பரில் வந்து உட்காருகிறது. டக், டக் என்று கியர் இறங்கும். பிறகு ஒரு மௌனம். வண்டி சாய்ந்து, வளைவின் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. அப்புறம் ஓசை மறுபடி முளைக்கும், முதலில் நூலாக, பிறகு கயிறாக. அறுபட்ட இடத்துக்கும் முளைத்த இடத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதில்தான் ஓட்டுகிறவனின் முழுக் கதையும் இருக்கிறது.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமூண்டியா பிள்ளையும் அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்கள். கணக்குக்குப் பேர்போன லயப் பரம்பரை அது. அந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு, பாட்டு தாளத்தின் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டியதில்லை, எடுப்பு தள்ளியும் விழலாம் என்பது தெரியும். ஆனால் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் அதே இடத்தில் விழ வேண்டும். பந்தயத்திலும் அதேதான். ஒரு சுற்று வேகமாக ஓட்டுவது பெரிதில்லை. சத்தம் நிற்கும் இடம் ஐந்து சுற்றிலும் ஒரே இடமாக இருக்கிறதா?

வெள்ளிக்கிழமை பயிற்சியில் என் மருமகனின் எடுப்பு கன்னாபின்னாவென்று இருந்தது. ஒரு சுற்றில் பிரேக் தூரம் காட்டும் பலகைக்கு முன்னாலேயே மூடினான், அடுத்த சுற்றில் பலகை தாண்டி மூடினான். மௌனம் மட்டும் எல்லாச் சுற்றிலும் நீளம். வண்டி திருப்பத்தை முடித்த பிறகும் ஆக்ஸிலேட்டரைத் திறக்கத் தயங்கினான். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, "மாமா, வண்டி பேச மாட்டேங்குது" என்றான். பழைய வண்டியில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் தொபுக்கென்று அமுங்கும். அந்த அமுங்கலை வைத்துத்தான் எவ்வளவு பிடித்திருக்கிறோம் என்று உடம்பு கணக்குப் போட்டிருந்தது. புது ஃபோர்க் விறைப்பு. கொஞ்சமாகத்தான் அமுங்குகிறது. சேதி வருகிறது, ஆனால் மெல்லிய குரலில்.

அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் 1983-இல் எழுதிய புத்தகத்தில் ஓட்டுகிறவனின் கவனத்தைப் பத்து டாலர் கைக்காசாகச் சொல்கிறார். ஒவ்வொரு காரியத்துக்கும் அதிலிருந்து செலவாகும். பழகப் பழகச் செலவு குறையும். புது வண்டி என்பது கைக்காசில் பாதியைப் பிடுங்கிக்கொள்கிற விருந்தாளி. கியர் எங்கே, ஃபோர்க் என்ன சொல்கிறது, டயர் சூடேறியதா என்றே காசெல்லாம் கரைந்துவிட்டால், வளைவைப் பார்க்க மிச்சம் என்ன இருக்கும்?

அன்று சாயங்காலம் அவன் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் செயின் பல்சக்கரத்தை மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருக்க, இவன் தடத்தை நடந்து சுற்றினான். நானும் கூடப் போனேன். மூன்றே முக்கால் கிலோமீட்டர். ஓரங்களில் தார் வெடித்த இடம், மணல் ஒதுங்கிய இடம், மேடு தட்டிய இடம் எல்லாவற்றையும் பூட்ஸ் நுனியால் தொட்டுப் பார்த்தான். நிலத்தை நடந்து பார்க்காமல் ஏர் பூட்டாத வீட்டுப் பிள்ளை, வேறென்ன செய்வான்?

சனிக்கிழமை காலை தகுதிச் சுற்றில் 2 நிமிடம் 14 விநாடியில் தொடங்கி 2 நிமிடம் 10 வரை இறங்கினான். முதல் பந்தயத்தில் நேர் ரோட்டில் இருவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனான். சின்ன எஞ்சின் வண்டிகளுக்கு முன்னே போகிறவன் கிழித்துக்கொடுக்கிற காற்றுதான் இலவசக் குதிரைசக்தி. அந்த ஆசையில் தானே பிரேக் பிடிக்கும் இடத்தை மறந்து, முன்னவன் பிடிக்கும் வரை காத்திருந்தான். முன்னவன் பிடித்தான், இவனுக்கு இடம் போதவில்லை. நேராக மண்ணில் இறங்கிவிட்டான். விழவில்லை, புழுதிதான். மறுபடி ஏறி வருவதற்குள் எல்லாரும் போயிருந்தார்கள். கடைசி இடம். "அடுத்தவன் தாளத்துக்கு நீ ஏன் மாப்ள வாசிக்கிற?" என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லாமல் ரேடியேட்டரில் அப்பியிருந்த மண்ணைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு மதியம் இரண்டாம் பந்தயம். வெயில் தாரைக் காய்ச்சியிருந்தது. சூட்டில் காற்று விரியும் என்பதால் டயரில் அழுத்தத்தைச் சாலைக்கு வைப்பதைவிடக் குறைத்திருந்தான். நான் பிட் பக்கம் போகவில்லை. மெதுவான திருப்பம் ஒன்றின் வேலியோரம் வேப்பங்கன்று நிழலில் நின்றேன். முதல் சுற்றில் பத்தொன்பது வண்டியும் மொத்தமாக வந்ததால் ஒன்றும் கேட்கவில்லை, அது கூச்சல். இரண்டாம் சுற்றில் கூட்டம் பிரிந்தது. மூன்றாம் சுற்றில் அவன் வண்டியை மட்டும் காது பிரித்துக்கொண்டது. ஓசை நின்றது, முளைத்தது. நான்காம் சுற்றில் நின்ற இடம் அதே இடம். முளைத்தது முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரம். ஐந்தாம் சுற்றில் மௌனம், வெள்ளிக்கிழமை கேட்டதில் பாதிதான். பக்கத்தில் நின்ற மார்ஷல் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினான்காம் இடம். மிகச் சிறந்த சுற்று 2 நிமிடம் 8 விநாடி. முதலாவதாக வந்த பையனின் வண்டியை நான் ஒருமுறைகூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011-இல் 125 சிசி உலகப் போட்டியில் ஓடிய முதல் இந்தியர். இந்த வட்டாரத் தடங்களில் கற்றவர்களில் ஒருவர் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். என் மருமகன் அவ்வளவு தூரம் போவானா என்று அக்கா கேட்டாள். போக மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். இருபத்தாறு வயது ஆகிவிட்டது, உலகப் போட்டிக்காரர்கள் பத்து வயதிலேயே தொடங்குகிறார்கள். அதனால் அந்த ஐந்தாம் சுற்றின் ருசி எனக்குக் குறையவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை கீரனூர் வந்து சேர்ந்தோம். கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் மாட்டிக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். சைடு ஸ்டாண்டு மாட்ட மறந்துவிட்டது. அன்று முழுக்க வண்டி கடைச் சுவரில் சாய்ந்தபடி நின்றது.