மதிப்பெண் போடுகிறவர்கள் மோதிப் பார்த்தார்களா?

சங்க மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டால் நீலகேசியோ நன்னூலோ வரும் என்று மலர்க் குழுவினருக்குத் தெரியும். இந்த வருஷமும் நன்னூல் வருகிறது, கொஞ்சம் சுற்று வழியில். விஷயம் வீடியோ கேம். அதிலும், இருவர் எதிரெதிரே நின்று மோதும் சண்டை விளையாட்டுகள். நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கோ ஒரு விமர்சகர் போட்ட எட்டு, ஒன்பது மதிப்பெண்ணைக் காட்டி, ஆயிரக்கணக்கில் விலை உள்ள ஆட்டத்தை வாங்கித் தரச் சொல்கிறார்கள். அந்த விமர்சகருக்கு அந்தச் சண்டை புரிந்ததா என்பதுதான் என் கேள்வி. என் மகன் 1990களில் பம்பாய் பார்லரில் காசு போட்டு ஆடியவன். பேரன் இப்போது கூடத்தில் உட்கார்ந்து ஆடுகிறான். இருவர் தோளுக்குப் பின்னாலும் நின்று பார்த்தவன் நான். ஆடுகிறவன் அல்ல, ஆகவே எந்த ஆட்டத்துக்கும் மதிப்பெண் போட வரவில்லை.

முதலில் இந்த ஆட்டத்தின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. ஒரு குத்து கிளம்புவதற்குச் சில படங்கள், எதிராளி மேல் படுவதற்குச் சில, கையை மடக்கித் தற்காப்புக்குத் திரும்புவதற்குச் சில. இந்தக் கணக்கில் இரண்டு மூன்று படம் முந்துகிறவன் அடுத்த அடியை அடிக்கிறான். பார்க்கிறவர்களுக்கு வெறும் கைகலப்பு. ஆடுகிறவர்களுக்குத் தாளக் கணக்கு. கேப்காம் நிறுவனம் 1991ல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ தான் இந்த வகைக்கு வழி காட்டியது. ஓர் அடியோடு அடுத்த அடியைத் தொடுத்து, எதிராளி மீள முடியாதபடி செய்யும் ‘காம்போ’ என்ற உத்தி அதிலிருந்துதான் பரவியது. வேடிக்கை என்னவென்றால், அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. சோதித்துப் பார்க்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். செய்தவர்களுக்கே முழுதும் தெரியாமல் பிறந்த ஒன்றை, நாலு நாள் தனியாக ஆடிப் பார்க்கிற விமர்சகர் எடை போட்டுவிடுவாரா?

இங்கேதான் பவணந்தி முனிவர் வருகிறார். நன்னூலின் பாயிரத்தில் மாணவன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது ஒரு பங்கீடு தருகிறார். ஆசிரியர் சொன்னதைச் சரியாகவே வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதானாம். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலக்கணப் படிப்புக்குச் சொன்னது, இந்த ஆட்டத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. இயந்திரத்தோடு தனியாக மோதுவது முதல் கால். எதிரே இன்னொரு மனிதன் உட்கார்ந்த பிறகே இரண்டாம் கால் ஆரம்பிக்கிறது. பெரும்பாலான விமர்சனங்கள் முதல் காலோடு நின்றுவிடுகின்றன.

விமர்சகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் நிலைமை அப்படி. ஆட்டம் கடைக்கு வருமுன் பிரதி கைக்கு வருகிறது, வெளியாகும் நாளுக்குள் எழுதித் தர வேண்டும். அப்போது இணையத்தில் எதிரே ஆட ஆள் ஏது? ஆகவே கண்ணுக்குத் தெரிகிறதை எழுதுகிறார்கள்: படம் அழகா, கதை உண்டா, எத்தனை வீரர்கள். சபாக் கச்சேரிக்குப் போய்ப் பாடகியின் பட்டுப்புடவையையும் மைக்கையும் பற்றி எழுதிவிட்டு, தோடியைத் தொடாமல் வருகிற விமர்சகரை நமக்குத் தெரியாதா என்ன!

வீரர் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000ல் வந்த ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’ல் 56 பேர். எண்ணிப் பார்த்தால் பிரமிப்புதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் நடந்த போட்டிகளில் மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்ற நால்வரே திரும்பத் திரும்ப மேலே வந்தார்கள். அதற்காக ஆட்டம் சப்பென்று போகவுமில்லை. அந்த நால்வரைச் சுற்றியே அவ்வளவு நுட்பம் வளர்ந்து, 2010 வரை ‘எவோ’ என்னும் பெரும் போட்டியில் ஆடினார்கள். ஐம்பத்தாறு என்று எழுதினவருக்கு இந்த இரண்டில் எதுவும் அன்று தெரிந்திருக்க வழியில்லை.

அரிசி வியாபாரத்தில் மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்க்கிறோம். உள்ளங்கையில் விழும் பிடி அரிசி நிறத்தைச் சொல்லும், நீளத்தைச் சொல்லும், குருணையையும் கல்லையும் காட்டிக்கொடுக்கும். சோறு எப்படி வரும் என்பதை உலைதான் சொல்ல வேண்டும். குத்தூசி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அதில்லாமல் கடை நடக்காது.

இதை ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ விஷயத்தில் பார்க்கலாம். 2016 பிப்ரவரியில் வந்தபோது, தனியாக ஆடுகிறவர்களுக்கு வழக்கமாக இருக்கும் ‘ஆர்கேட்’ பகுதியே அதில் இல்லை. விமர்சகர்கள் குறை சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். போட்டிக்காரர்களோ அதே ஆண்டு எவோவில் ஐயாயிரத்துக்கு மேல் திரண்டு அதை ஆடினார்கள். யார் சொன்னது சரி? என் கணக்கில் விமர்சகர்கள் சொன்னது சரக்கைப் பற்றியது, அந்த அளவில் நூற்றுக்கு நூறு சரி. போட்டிக்குப் போகாத பிள்ளைக்கு வாங்கித் தந்த அப்பாவுக்கு அது பாதிச் சரக்குதான். 2018 ஜனவரியில் கேப்காமே அந்தப் பகுதியைச் சேர்த்துத் தந்தது. ஆனால் சண்டை நல்லதா என்ற கேள்வி அந்த மதிப்பெண்ணுக்குள் இல்லவே இல்லை. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

புரிவது என்றால் என்ன என்பதற்கு 2004 எவோவைச் சொல்ல வேண்டும். ஆட்டம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்’. ஜப்பானின் டைகோ உமேஹாராவுக்கு உயிர்க்கோடு நூலளவுதான் மிச்சம். தடுத்துக்கொண்டாலும் அந்தச் சேதத்திலேயே தோற்பார். அமெரிக்கர் ஜஸ்டின் வாங் பதினைந்து அடி கொண்ட தாக்குதலை ஏவினார். இந்த ஆட்டத்தில் அடி படுகிற அந்தக் கணத்தில் எதிராளியை நோக்கியே குச்சியைத் தள்ளினால் சேதமே கிடையாது. தவறினால் கதை முடிந்தது. பதினைந்தையும் அப்படியே தட்டிவிட்டு டைகோ திருப்பி அடித்து ஜெயித்தார். அரங்கம் எழுந்து கத்தியது. விவரம் தெரியாதவருக்கு, ஒரு பொம்மை நின்ற இடத்தில் சிமிட்டுவது மட்டும்தான் தெரியும். கூட்டம் ஏன் எழுந்தது என்று எனக்கு விளக்கத் தெரிந்தவரின் விமர்சனத்தைத்தான் நான் படிப்பேன்.

இந்த விஷயம் பத்திரிகை அலுவலகங்களில் இல்லை, ஆடுகிற கூடங்களில் இருக்கிறது என்பதற்கு நம் பக்கத்து நாட்டிலேயே சான்று உண்டு. லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019ல் ‘டெக்கன் 7’ ஆட்டத்தில் எவோ ஜப்பான், அமெரிக்க எவோ இரண்டையும் ஜெயித்தார். அதற்கு முன் அந்த ஊரில் இப்படி ஓர் ஆட்டம் வளர்ந்திருப்பதை வெளியுலகம் கவனிக்கவே இல்லை.

2023ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ல் நிலைமை கொஞ்சம் மாறியது. தனியாக ஆட நீண்ட கதைப் பகுதி, புதியவர்களுக்கு ஒரே பொத்தானில் வித்தை காட்டும் ‘மாடர்ன்’ முறை. விமர்சகர்களும் போட்டிக்காரர்களும் ஒருசேரப் பாராட்டினார்கள். குறுக்குவழியில் அடித்தால் அந்த அடியின் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இந்தத் தள்ளுபடி நியாயமா, போதுமா என்று ஆடுகிறவர்களுக்குள் சண்டை. என் பேரனும் அவன் சிநேகிதனும் போன ஞாயிற்றுக்கிழமை இதற்காகவே சாப்பாட்டை ஆறவிட்டார்கள். பெரிய மதிப்பெண் போட்ட விமர்சனம் ஒன்றை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அந்த முறை ‘எளிது’ என்று இருந்தது. ஐந்தில் ஒரு பங்கைப் பற்றி ஒரு வரி இல்லை.