குடை பிடிப்பவன்

எலெனா கிரிமால்டி கட்டானியோவின் உருவப்படத்தை முதன்முறை பார்க்கும் யாருக்கும் கண் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: அந்தச் சிவப்புக் குடை. ஏறக்குறைய எட்டடி உயர ஓவியம். கறுப்பு உடையில் ஒரு சீமாட்டி தன் மாளிகையின் முன்தளத்தில் நடக்கிறாள். பின்னால் ராட்சதத் தூண்கள், அந்தப் பக்கம் வானம், மரங்கள். நாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல வரைந்திருக்கிறார் ஆன்டனி வான் டைக். அவள் நம்மைப் பார்க்கிறாள், ஆனால் நமக்காக நிற்கவில்லை. போகிற போக்கில் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

வருடம் 1623, ஊர் ஜெனோவா. ஓவியருக்கு 24 வயது. ஜெனோவாவில் அரசன் கிடையாது, அது குடியரசு. ஆனால் ஸ்பெயின் மன்னருக்கே கடன் கொடுத்த வங்கிக் குடும்பங்கள் அங்கே இருந்தன. தூண், மேடை, முழு உருவம் என்று அரசவைப் படங்களுக்குரிய தோரணையை அவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அதே ஊரில் 1606ல் ரூபன்ஸ் வரைந்த பிரிகிடா ஸ்பினோலா டோரியாதான் இந்தப் படத்துக்கு மூத்தவள். ரூபன்ஸின் பெண் வெள்ளைப் பட்டில் பளபளக்கிறாள். வான் டைக் அந்தப் பளபளப்பைக் கைவிட்டுக் கறுப்பை எடுத்தார். மணிக்கட்டுகளில் மட்டும் சிவப்பு. எனக்கென்னவோ இதுதான் இன்னும் பணக்காரத்தனமாகத் தெரிகிறது.

இப்போது குடைக்கு வருவோம். அது அவள் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் மாதிரி விரிகிறது என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் குடைக்கு ஒரு வேலை உண்டு இல்லையா? நிழல் தரவேண்டும். இந்தப் படத்தில் பிரகாசமான இடமே அவள் முகம்தான்! குடை விரிந்திருக்கிறது, நிழல் விழவில்லை. அப்படியானால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள் வெயிலோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவன் பிடிப்பது பார்க்கிற நமக்காக.

அவன் ஒரு கறுப்பின இளைஞன். மஞ்சள் உடை. அவளுக்குப் பின்னால், அவள் உடையின் விரிவில் பாதி மறைந்து, முன்னோக்கிச் சாய்ந்து நிற்கிறான். அவள் நிமிர்ந்து, எந்தச் சிரமமும் இல்லாமல், விரல் நுனியில் ஒரு சிறு பூங்கொத்தைப் பிடித்திருக்கிறாள். இரண்டு பேர் கையிலும் ஏதோ இருக்கிறது. ஒன்றுக்குத்தான் எடை இருக்கிறது. (வெண்கொற்றக்குடையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ படித்தோம். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் கை வலித்ததாக ஒரு வரிகூட நமக்கு நினைவில் இல்லை.)

இது வான் டைக் கண்டுபிடித்த உத்தி இல்லை. நூறு வருடங்களுக்கு முன்பே டிஷியன், லாரா டியாண்டியின் பக்கத்தில் ஒரு கறுப்பினச் சிறுவனை நிறுத்தினார். கறுத்த தோல் பக்கத்தில் இருந்தால் வெளுத்த தோல் இன்னும் வெளுக்கும் என்கிற கணக்கு. 1634ல் லொரெய்ன் இளவரசி ஹென்ரியெட்டாவை வரைந்தபோது வான் டைக் அதே கணக்கைத் திரும்பப் போட்டார்.

எலெனாவின் மகன் ஃபிலிப்போவையும் ஒரு மகளையும் அதே வருடம் தனித்தனியாக வரைந்தார். அந்தப் படங்களின் மேலேயே ஆண்டும் வயதும் எழுதியிருக்கின்றன. மூன்று படங்களும் இப்போது வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கின்றன. ஃபிலிப்போவின் நாய்க்குட்டிகூட மறக்கமுடியாத முகத்தோடு இருக்கிறது. குடைக்காரனுக்கு வயதும் இல்லை, பெயரும் இல்லை.

இதைச் சொன்னால் உடனே, 'அப்போ இது மோசமான படமா?' என்று கேட்பார்கள். இல்லை. எனக்கு மிகவும் பிடித்த படம். சிக்கலே அதுதான். அவனைக் கண்டித்துப் பேச ஒரு சாட்சியாக மட்டும் பார்க்கிறவர்களும் அவனை மறுபடி ஒரு பொருளாகத்தான் ஆக்குகிறார்கள். அவன் இந்தப் படத்தின் பொறியியல். அருங்காட்சியகத்தின் தளத்தில் படம் இலவசமாகக் கிடைக்கிறது, திறந்து பாருங்கள். குடையையும் அவனையும் கட்டைவிரலால் மறையுங்கள். கறுப்பு உடையில் கொஞ்சம் உயரமான, கொஞ்சம் களைத்த ஓர் இளம்பெண் மிஞ்சுகிறாள். விரலை எடுங்கள். அவள் மறுபடி சீமாட்டி ஆகிவிடுகிறாள்.