வசந்தத்தின் நாற்றம்

நினைத்த மாத்திரத்தில் ஊரை விட்டுப் புறப்பட்டுவிடும் கதாபாத்திரங்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. நாவலாசிரியனுக்கு அது மிகவும் சௌகரியமான தந்திரம். கதை நகர மறுக்கிறதா? ஒருவனைப் பிடித்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம். வழியில் யாராவது எதிர்ப்படாமலா போய்விடுவார்கள்? ஏன் புறப்பட்டான் என்று வாசகர் கேட்பதில்லை. கேட்டாலும் 'மனம் போன போக்கு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

வட அமெரிக்க எழுத்தில் இந்தத் தந்திரம் ஏறக்குறைய ஒரு மதமாகவே ஆகிவிட்டது. அதன் வேதப் புத்தகம் ஜாக் கெரூவக் எழுதிய 'ஆன் தி ரோடு'. 1951 ஏப்ரலில், ஒட்டுப்போட்ட 120 அடி நீளக் காகிதச் சுருளில், மூன்றே வாரத்தில் தட்டெழுதி முடித்தார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். கதை பொய்யல்ல, சுருள் இருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பிருந்தே குறிப்பும் நகலுமாக அவர் எழுதிக்கொண்டிருந்ததும், 1957இல் புத்தகம் வருவதற்குள் திருத்தங்கள் நடந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உழைப்பை மறைத்துக்கொள்வதும் ஒரு கலைதான், அதற்காக நான் குறை சொல்லமாட்டேன். என் குறை வேறு. நெப்ராஸ்கா வழியாகத் திறந்த லாரியில் கும்பலோடு போகிற பகுதி அந்த நாவலிலேயே உற்சாகமானது. அதைப் படித்து முடித்த பிறகு, கூட வந்த ஆட்கள் ஞாபகத்தில் நிற்கிறார்கள், சமவெளி நிற்கவில்லை. கெரூவக்குக்கு அது கடந்து தொலைக்க வேண்டிய இடம். 1960 இலையுதிர் காலத்தில் நாயோடு கிளம்பிய ஸ்டைன்பெக்கும் அதே வழிதான். 'டிராவல்ஸ் வித் சார்லி' 1962இல் வந்தது. அவர் சந்தித்துப் பேசியதாக எழுதிய சில பேர் நம்பத் தகுந்தவர்களாக இல்லை என்று பின்னால் ஒரு பத்திரிகையாளர் தேதி வாரியாகத் தேடிப் பார்த்துச் சொன்னார். ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையே இதைக் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டுவிட்டது. மனம் போன போக்கில் போனவர் கற்பனை போன போக்கிலும் கொஞ்சம் போயிருக்கிறார். போகட்டும்.

அந்தச் சமவெளியை உண்மையாக எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. முன்வசந்தத்தில், அதாவது மார்ச் கடைசி, ஏப்ரல் வாரங்களில், ஒரு பிரயாணத்தை எழுதச் சொல்லிப் பார்க்க வேண்டும். கோடையில் யாரும் போகலாம். கடுங்குளிரில்கூடப் பனிச்சறுக்கு வண்டி வேலிமேலேயே ஓடும். பனி உருகும் வாரங்கள்தாம் பொல்லாதவை. மேலே உருகிவிடும்; அடியில் மண் உறைந்தே கிடக்கும். நீர் கீழே இறங்க வழியில்லாமல் பாதையிலேயே தேங்கும். அந்தப் பிரதேசத்தின் களிமண்ணுக்குக் 'கம்போ' என்று பெயர். சக்கரத்தில் அப்பிக்கொண்டு, சுற்றச் சுற்றப் பருத்துக்கொண்டே போய், கடைசியில் சக்கரத்தைச் சுற்ற விடாது. தார்போட்ட சாலைகளைக்கூட அந்த வாரங்களில் கனத்த லாரிகள் நொறுக்கிவிடும் என்று இன்றும் பாரத்துக்கு வரம்பு கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒருவன் புறப்படுகிறான் என்றால் வெறும் மனம் போன போக்கு போதாது. அவனை ஏதோ ஒன்று நெட்டித் தள்ளியிருக்க வேண்டும்.

பாதைகளும் வேறு மாதிரி. சர்வேயர்கள் முதலில் வந்து, மைலுக்கு மைல் சதுரமாக நிலத்தைக் கோடு கிழித்துவிட்டுப் போனார்கள். ஜனங்கள் பிறகுதான் வந்தார்கள். ஆறோ குன்றோ பார்க்காமல் சாலை நேரே போகும். பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும். அதைச் சரிக்கட்ட அங்கங்கே ஒரு திருத்தக் கோடு போட்டிருப்பார்கள். அங்கே மட்டும் சாலை திடீரென்று ஒரு சின்ன வளைவு எடுத்து மறுபடி நேராகும். மற்றபடி வளைவுக்குக் காரணமே இருக்காது.

இதைத் தெரிந்துகொண்டால்தான் வில்லா காதர் 1918இல் எழுதிய 'மை ஆன்டொனியா'வின் ஓர் இடம் எவ்வளவு பெரிது என்பது புரியும். பிறந்த தேசத்தை நினைத்து ஏங்கியே தற்கொலை செய்துகொண்ட ஒரு பொஹீமியக் குடியானவனை, நிலத்தின் மூலையில், கோடுகள் சந்திக்கும் இடத்தில் புதைக்கிறார்கள். வருஷங்கள் கழித்து அங்கே சாலைகள் வருகின்றன. இரண்டு சாலைகளும் கல்லறைமேல் போகாமல் சற்றே விலகி வளைந்து போகின்றன. நடுவில் யாரும் அறுக்காத செம்புல் தீவு மாதிரி நிற்கிறது. காதர் இதற்கு அழுகை எதுவும் வைக்கவில்லை.  அதே நாவலில் அந்தச் சாவுக்குப் பிறகு வருகிற வசந்தத்தையும் பாருங்கள். வர்ஜீனியாவிலிருந்து வந்த பையன் ஜிம், தன் ஊர் அடையாளங்களான துளிரையும் பூந்தோட்டத்தையும் தேடுகிறான். ஒன்றும் இல்லை. காற்றிலும் வானத்திலும் வெளிச்சத்திலும் மட்டும் வசந்தம் இருக்கிறது. காதரும் ஒன்பதாவது வயதில், 1883இல், வர்ஜீனியாவிலிருந்து நெப்ராஸ்காவுக்கு வந்தவர். இல்லாததைச் சொல்லியே இருப்பதைக் காட்டுகிற அந்தப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் அதை எழுதியது ஞாபகம். ஞாபகத்தில் சேறு சீக்கிரமே காய்ந்துவிடுகிறது.

சேறு காயாமல் எழுதியவர் கனடாவில் ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த ராபர்ட் குரோட்ச். 1969இல் வந்து, கவர்னர் ஜெனரல் பரிசு பெற்ற 'தி ஸ்டட்ஹார்ஸ் மேன்' முன்வசந்தத்துப் பிரயாண நாவல்தான். இரண்டாம் உலக யுத்தம் முடிகிற சமயம். பொலிகுதிரை ஒன்றை ஊர் ஊராக நடத்திச் சென்று பிழைக்கிற ஹஸார்ட் லெபாஜ், யுத்தத்துக்கு எலும்பு வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து எலும்பு பொறுக்கப் போகிறான். எலும்பு ஏற்றிய சரக்குப் பெட்டியில் குதிரையோடு எட்மண்டன் நகருக்கே போய்ச் சேருகிறான். அதற்குப் பிறகு வீடு திரும்புவதுதான் கதை. பதின்மூன்று வருஷமாக ஒருத்தியை நிச்சயம் செய்துகொண்டு கல்யாணத்துக்கு நாள் கடத்துகிற ஆசாமி. அவன் எங்கே நேர்வழியில் வீடு திரும்பப் போகிறான்? கதை சொல்கிறவனோ பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் குளிக்கும் தொட்டியில் உட்கார்ந்து எழுதுகிறான். யுலிஸிஸ் வீடு திரும்பிய கதையைக் கேலி செய்கிறார் என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தக் கேலி பாதி நாவலுக்குப் பிறகு அலுத்துப் போகிறது. படுக்கைக் காட்சிகள் ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் வருகின்றன. டிராக்டர் வந்து குதிரையே வேண்டாம் என்று ஆகிவிட்ட காலத்தில் பொலிகுதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவனின் துக்கம், சிரிப்புக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டு மூச்சுத் திணறுகிறது.

இந்த வரிசையில் நான் முதலில் வைப்பது ஒரு நாவலே அல்ல. வாலஸ் ஸ்டெக்னர் 1962இல் வெளியிட்ட 'உல்ஃப் வில்லோ' புத்தகத்தில் அடங்கிய 'கேரியன் ஸ்பிரிங்' என்ற சிறுகதை. பிணவசந்தம் என்று சொல்லலாம். புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்றே புத்தகக்கடைக்காரருக்குத் தெரியாது. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சுயசரிதை, நடுவில் கதை. ஸ்டெக்னர் 1914 முதல் 1920 வரை, ஐந்து வயதிலிருந்து பதினொரு வயது வரை, சஸ்காட்சவானில் ஈஸ்ட்எண்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். நடுவயதில் திரும்பிப் போகிறார். தெருக்கள் தெரிகின்றன, வீடு தெரிகிறது, ஆனால் மனம் ஒட்டவில்லை. இனம் தெரியாத ஒரு வாசனை மட்டும் அலைக்கழிக்கிறது. ஆற்றங்கரைக்குப் போய்ச் சாம்பல் நிற இலையுள்ள அந்தப் புதரை முகர்ந்த பிறகுதான், பால்யம் மொத்தமும் வந்து நிற்கிறது. புத்தகத்தின் தலைப்பு அந்தப் புதரின் பெயர்தான்.

மூக்கை நம்பி எழுதுகிற இதே மனிதர்தான் 'கேரியன் ஸ்பிரிங்' கதையையும் எழுதினார். 1906–07 குளிர்காலம் அந்தப் பிரதேசத்தில் மாட்டுப் பண்ணைகளை அழித்த காலம். மந்தையில் பாதிக்கு மேல் இழந்த பண்ணைகள் உண்டு. இது சரித்திரம். கதையில், ராக்கி மலையிலிருந்து இறங்கும் சினூக் என்ற வெப்பக் காற்று அடித்துப் பனி உருகியிருக்கிறது. குளிர்காலம் முழுவதும் பண்ணை வீட்டில் அடைபட்டுக் கிடந்த புதுப்பெண் மாலி கதவைத் திறக்கிறாள். வசந்தம் வருகிறது, நாற்றமாக. பனிக்கு அடியில் கிடந்த மாடுகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. அவளும் அவள் கணவன் ரேயும் குதிரை வண்டியில் எல்லை தாண்டி மொன்டானா பக்கம் கிளம்புகிறார்கள். இந்த இடத்தை விட்டே போய்விடுகிறோம் என்பது அவள் சந்தோஷம். வழி நெடுக, வேலியோரம், ஓடைப் பள்ளம், எங்கு பார்த்தாலும் பிணங்கள். வண்டி போகப் போக நாற்றமும் கூடவே போகிறது.

சாதாரண எழுத்தாளன் இந்த இடத்தில் இருவரையும் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பான். இல்லாவிட்டால் பெண்ணைப் பைத்தியமாக்கியிருப்பான். ஸ்டெக்னர் செய்தது வேறு. நடுவழியில், காற்று சற்று சுத்தமான ஓர் இடத்தில் நிற்கிறார்கள். மேட்டில் அந்தப் பக்கத்துக் 'குரோக்கஸ்' பூத்திருக்கிறது. அப்போதுதான் ரே வாயைத் திறக்கிறான். கம்பெனி கைவிடுகிற பண்ணையை மலிவாக வாங்கிவிடலாம், திரும்பிப் போகலாம் என்கிறான். இவ்வளவு செத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தவன், இந்த இடத்தை விட மனமில்லை என்கிறான்! மாலி அழுகிறாள், வாதாடுகிறாள். கடைசியில் சம்மதிக்கிறாள்.

ஏன் சம்மதித்தாள்? இந்தக் கேள்வியை நான் பல நாள் வைத்துக்கொண்டிருந்தேன். காதல் என்று சொல்லி முடித்துவிடலாம். கதையில் அதற்கு இடம் உண்டு. பயம் என்றும் சொல்லலாம். மறுத்தால் கணவனில் ஒரு பாதியை இழப்போம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டெக்னர் எந்தப் பக்கமும் சாயவில்லை. வெற்றியாகவும் காட்டவில்லை, தியாகமாகவும் காட்டவில்லை. ஓநாய்க் குட்டியோடு ஒரு வேட்டைக்காரன் இந்தக் கதையில் வருகிறான். அவனைப் பார்க்கும்போது, இந்த வெளியில் நிறைய நாள் இருந்தால் மனிதன் என்ன ஆவான் என்பதும் அவளுக்குத் தெரிகிறது. தெரிந்தும் சம்மதிக்கிறாள். அதனால்தான் இந்தப் பிரயாணம் எனக்கு நிஜம். திடீர் முடிவு என்றால் அது இப்படித்தான் இருக்க முடியும்: முடிவு எடுத்தவனுக்கு அது திடீர் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் திடீர்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். டகோட்டா இனத்தைச் சேர்ந்த எழுத்தாளர் எலிசபெத் குக்-லின் 1996இல் ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டார். வாலஸ் ஸ்டெக்னரை ஏன் என்னால் படிக்க முடியவில்லை என்பதுதான் அதன் தலைப்புக் கட்டுரை. பூர்வகுடிகளின் சரித்திரம் 1890ஓடு முடிந்துவிட்டது போல அவர் எழுதுகிறார்; நாங்களோ இன்னும் இருக்கிறோம் என்பது வாதத்தின் சாரம். இதை வெறும் அரசியல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்டெக்னரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. தான் படித்த பள்ளிக்கூடம் எங்கோ உள்ள தேசங்களின் சரித்திரத்தைச் சொல்லிக் கொடுத்ததே தவிர, காலடி மண்ணின் சரித்திரத்தைச் சொல்லவில்லை என்று அவரே வருந்துகிறார். பக்கத்திலுள்ள சைப்ரஸ் குன்றுகளில் 1873இல் சாராய வியாபாரிகளும் ஓநாய் வேட்டைக்காரர்களும் அசினிபாய்ன் மக்களைச் சுட்டுக் கொன்றதையும் எழுதுகிறார். ஆனால் அதெல்லாம் சரித்திரப் பகுதியில்தான். கதைக்குள் வரும்போது, அந்த மக்கள் முன்பு இருந்தவர்களாகவே ஆகிவிடுகிறார்கள்.

எலும்பு விஷயத்தைப் பாருங்கள். மாலி பார்த்த மாட்டுப் பிணங்களுக்கு இருபது, முப்பது வருஷம் முன்னால் அதே வெளியில் காட்டெருமை எலும்புகள் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ரயிலில் ஏற்றி, உரத்துக்கும் சர்க்கரை சுத்திகரிப்புக்கும் விற்றார்கள். இன்று ரெஜைனா நகரம் இருக்கும் இடத்துக்குக் கிரீ மொழியில் எலும்புக் குவியல் என்று பெயர். குரோட்ச் தம் நாவலை எலும்பு பொறுக்குவதில் தொடங்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கலையில் ஸ்டெக்னருக்கு ஒரு படி கீழே நிற்கிற குரோட்ச், இந்த ஓர் இடத்தில் அவரைவிட நீண்ட ஞாபகம் உள்ளவராகத் தெரிகிறார்.

மாலி பார்த்த பூ உண்மையில் குரோக்கஸ் அல்ல, அனிமோன் வகையைச் சேர்ந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பூவின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். தண்டிலும் இதழின் வெளிப்புறத்திலும் மெல்லிய ரோமம் இருக்கும். பூ உதிர்ந்த பிறகு விதைத் தலை நரைத்த மயிர் மாதிரி நிற்கும். அதனால் பிளாக்ஃபுட் மக்கள் அதைக் கிழவர் என்று அழைக்கிறார்கள். அவர்கள் கதைகளில் உலகத்தை உண்டாக்கியவருக்கும் அதே பெயர்தான். மாலிக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளக் கதையில் அவளுக்கு ஆளும் இல்லை.