அடிக்குறிப்பைத் தின்ற செயலிகள்

பிளே ஸ்டோரில் 'தமிழ் பைபிள்' என்று தேடினால் தள்ளித் தள்ளி விரல் ஓய்ந்துபோகும். எல்லா ஐகானும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு சிலுவை, ஒரு விரித்த புத்தகம். இதில் கத்தோலிக்கருக்கானது எது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது. 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். போரில் மடிந்தவர்களின் பாவம் போக்கும் பலிக்காக யூதா மக்கபே 2,000 வெள்ளி திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பிய இடம் அது. கல்லறைத் திருநாள் பூசைக்குப் போகிறவர்கள் கேட்டிருப்பார்கள். அந்த நூலே இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது 66 நூல்கள் கொண்ட பதிப்பு. நமக்கு 73.

குமரி மாவட்டத்தில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம். சவேரியார் இந்தக் கடற்கரையில் திருமுழுக்குக் கொடுத்தது 1544-இல். புராட்டஸ்டன்ட் மறைபணியாளர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-இல். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 47 விழுக்காடு. ஆர்.சி. வீடும் சி.எஸ்.ஐ. வீடும் ஒரே மதிலைப் பங்குபோட்டு நிற்கிற தெருக்கள் எத்தனையோ. சம்பந்தமும் உண்டு, பண்டிகைப் பலகாரமும் போய்வரும். அதே வழியில் பைபிள் செயலியின் இணைப்பும் வந்துவிடுகிறது. அன்பியக் கூட்டத்தில் சீராக்கின் ஞானத்தை எடுக்கச் சொன்னால் பாதிப் பேர் போனைத் தேய்த்துக்கொண்டே இருப்பது இதனால்தான். அது அந்தச் செயலியின் குற்றமல்ல. சி.எஸ்.ஐ. திருச்சபைக்கு அதுதான் முழு வேதாகமம்.

சரி, மக்கபேயர் சோதனையில் தேறிய செயலிகளைத்தான் சில வாரங்களாகப் போனில் வைத்துப் புழங்கிவருகிறேன். எழுத்தைப் பெரிதாக்குவது, இரவு நிறம், வசனத்துக்கு மஞ்சள் பூசுவது எல்லாம் எல்லாவற்றிலும் இருக்கிறது. எல்லாம் வேலையும் செய்கிறது. என் எரிச்சல் வேறு இடத்தில். அடிக்குறிப்புகள் எங்கே போயின?

1995-இல் திண்டிவனம் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை. நூலின் பிரிவுகள். பக்கத்தின் அடியில் குறிப்புகள், ஒத்த வாக்கியங்கள். பிற சபையாரும் கூடி உழைத்த மொழிபெயர்ப்பு என்பதால் ஒவ்வொரு குறிப்புக்குப் பின்னாலும் பலர் உட்கார்ந்து பேசிய பேச்சு இருக்கிறது. செயலி செய்தவர்கள் வசனத்தை மட்டும் உருவிக்கொண்டு மீதியைக் கழித்துவிட்டார்கள். ஒரு செயலியில் நட்சத்திரக் குறி மட்டும் வசனத்தின் தலையில் மிச்சமிருக்கிறது. விரலை வைத்தால் அசைவே இல்லை. இன்னொன்றில் 'வாசித்துக் காட்டு' பொத்தானை அழுத்தினேன். இயந்திரக் குரல் அந்த நட்சத்திரத்தையும் விடாமல் 'ஆஸ்டரிஸ்க்' என்று பக்தியோடு வாசித்தது.

குறிப்பு இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். யோவான் 8-ஆம் அதிகாரத்தை எடுங்கள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் கொண்டுவந்து நிறுத்துகிற பகுதி. யூடியூபில் ஒருவர் வந்து, 'இது பழைய கையெழுத்துப் படிகளிலேயே கிடையாது, பிறகு நுழைத்தது' என்று அடித்துச் சொல்கிறார். மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் கேட்கிறது. செயலியைத் திறந்தால் அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு அடைப்புக்குறி நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று ஒரு வரி இல்லை. அமெரிக்க ஆயர் பேரவையின் இணையதளத்தில் உள்ள நியூ அமெரிக்கன் பைபிளில் அதே இடத்தைத் தட்டினால் இரண்டு செய்தியும் கிடைக்கிறது: தொன்மையான கிரேக்கப் படிகளில் இந்தப் பகுதி இல்லை, ஆனாலும் திருச்சபை இதைத் திருமுறையில் சேர்ந்த மறைநூலாகவே ஏற்கிறது. பிள்ளைக்கும் பதில் ஆயிற்று, யூடியூப்காரருக்கும் பதில் ஆயிற்று.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் அல்ல. 1965-இல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாட்டுக் கொள்கைத்திரட்டு, மறைநூல் மொழிபெயர்ப்புகள் போதிய விளக்கங்களோடு மக்கள் கைக்குப் போகவேண்டும் என்கிறது. 1983 திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 825-ஆம் எண் அதையே சட்டமாக்கியது: தாய்மொழிப் பதிப்புக்கு ஆயர் பேரவை அல்லது திருப்பீட ஒப்புதல் வேண்டும், தேவையான குறிப்புகளும் வேண்டும். அச்சுப் புத்தகத்தில் அந்த ஒப்புதல் முதல் பக்கங்களிலேயே இருக்கும். செயலியில் 'எங்களைப் பற்றி' என்று போனால் ஒரு ஜிமெயில் முகவரி. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள், யாரிடம் கேட்டு எடுத்தார்கள், தட்டச்சுப் பிழையை யார் திருத்துவார்கள், ஒன்றும் தெரியாது.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். சீராக் 29 கடன் கொடுப்பதையும் பிணை நிற்பதையும் பற்றிப் பேசும் அதிகாரம். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது திரையின் பாதியை மூடிக்கொண்டு 'ஐந்தே நிமிடத்தில் கடன்' வந்து நின்றது. மூடும் குறியோ கடுகளவு.

அப்படியென்றால் எதை நம்புவது? தமிழில் அன்றாட வாசகங்களுக்கு அருள்வாக்கு இணையதளம் போதும். முன்னுரையும் குறிப்பும் வேண்டுமென்றால் தமிழ் விக்கிமூலத்தில் திருவிவிலியம் அவற்றோடு ஏற்றப்பட்டிருக்கிறது. ஆனால் அது யாரும் கைவைக்கக்கூடிய தளம். ஐயம் வந்தால் அச்சுப் புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு மேலே சொன்ன அமெரிக்க ஆயர்களின் தளம் இலவசம். இரண்டு எச்சரிக்கை. 2020 முதல் இந்தியாவில் ஆங்கிலப் பூசையில் வாசிப்பது இ.எஸ்.வி. கத்தோலிக்கப் பதிப்பு என்பதால் கோவிலில் கேட்டதும் திரையில் பார்ப்பதும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகாது. மத்தேயு நற்செய்தியைத் திருத்தூதர் மத்தேயுவே எழுதினார் என்ற மரபை அந்தத் தளத்தின் முன்னுரை ஏற்பதில்லை. முதன்முறை படிப்பவருக்குத் தூக்கிவாரிப் போடலாம். காதால் கேட்க விரும்புகிறவர்களுக்கு அருட்தந்தை மைக் ஷ்மிட்ஸின் 'பைபிள் இன் எ இயர்' உண்டு. 2021-இல் தொடங்கியது, நாளுக்கு ஒன்றாக 365 பகுதிகள். நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறினால் களியக்காவிளைக்குள் ஒரு பகுதியாவது முடிந்துவிடும். 'வெர்பம்' மென்பொருள் ஒரு நூலகத்தையே கையில் தரும். அதன் பெரிய தொகுப்புகளுக்கான விலை குருமட மாணவரையே யோசிக்க வைக்கும்.

என் தீர்ப்பு: இப்போது கிடைக்கும் தமிழ்ச் செயலிகள் பூசையில் வாசகத்தைப் பின்தொடர உதவும், படிப்புக்கு உதவாது. படிப்புக்கு இன்றைக்கும் திண்டிவனம் வெளியிட்ட அச்சுப் புத்தகம்தான். புதிதாக ஒரு செயலியை ஏற்றுமுன் மக்கபேயர் இருக்கிறாரா, குறிப்பு திறக்கிறதா, வெளியிட்டவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். செயலி செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்னொரு வண்ணத்தையும் இன்னொரு எழுத்துருவையும் சேர்ப்பதற்கு முன், நடுநிலையத்திடம் முறையாக அனுமதி கேட்டு அந்த அடிக்குறிப்புகளை ஏற்றுங்கள். காசு கேட்டாலும் கொடுத்து வாங்குவேன்.