பதக்கத்தின் விளிம்பு

பட்டாளத்துத் தாத்தாவைத் தேடுகிறவர்கள் முதலில் திறக்க வேண்டியது வீட்டு டிரங்குப் பெட்டியை. இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களைத் தன் சொந்த வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது பிரிட்டன். இந்தியப் படையினரின் பதக்கங்களிலோ பெயர் உண்டு. 1939-45 போர்ப் பதக்கம் கிடைத்தால், முகப்பிலுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னரை விட்டுவிடுங்கள். விளிம்பை வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். முதலில் எண், பிறகு பதவிச் சுருக்கம், பெயர், கடைசியில் படைப்பிரிவு. எறும்பு ஊர்ந்தாற்போல எவ்வளவு நேர்த்தியான எழுத்து! பர்மா நட்சத்திரப் பதக்கம் என்றால் பின்பக்கம் பார்க்க வேண்டும்.

அந்த எண்தான் பொக்கிஷம். ஒரே படையில் எத்தனையோ முனுசாமிகள் இருந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் பெயரின் எழுத்துக்கூட்டல் எழுதிய குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது. எண் இருந்தால் குழப்பமில்லை. மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர் என்று ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டும் கூடவே இருந்துவிட்டால் அதிர்ஷ்டம். போட்டோவே இல்லாத தாத்தாவின் உயரமும் அங்க அடையாளமும்கூடத் தெரியவரும்.

பதக்கத்தைப் புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். எழுத்து மழுங்கிவிடும்.