வேற்றுமை மயக்கமும் 'வழு' என்னும் தீர்ப்பும்

முன்னேஸ்வரம் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வழிபடும் தலம். 15ஆம் நூற்றாண்டிற் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு அக்கோயில் தொடர்பாகப் பொறித்த சாசனம் தமிழில் அமைந்தது. அத்தகைய கரையோரத்தின் பேச்சுத் தமிழைச் 'சிங்களத்தாற் சிதைந்த கொச்சை' என ஒதுக்குவதும், உருபுகளின் தேய்வை அதற்குச் சான்றாக்குவதும் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

வேற்றுமைகள் மயங்குதல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலையே வகுத்துள்ளது. அந்நூல் ஏழாவதற்குரியதாகக் கூறும் 'கண்' பேச்சு வழக்கில் இன்றில்லை. நன்னூல் ஐந்தாவதற்கும் உரித்தாக்கும் 'இல்' அவ்விடத்தைப் பெற்றுவிட்டது. எனவே 'மரத்தில்' என்பது இடத்தைக் குறிக்க, நீக்கத்தை உணர்த்த 'மரத்திலிருந்து' எனச் சொல்லுருபு வேண்டியதாயிற்று. உருபு மறையினும் உறவு மறையவில்லை. அது வேறு வடிவம் தேடிக்கொண்டது.

இம்மாற்றங்களுக்கெல்லாம் சிங்களத்தைக் காரணமாக்குவோர் யாழ்ப்பாணத்தை நோக்குதல் வேண்டும். 'வீட்டைக் கட்டினான்', 'வீட்டை போறன்', 'வீட்டை இருக்கிறார்' ஆகிய மூன்றிலும் செயப்படுபொருளும் சேரிடமும் இருப்பிடமும் ஒரே வடிவத்தில் நிற்கின்றன. இதனை எவரும் சிதைவென்பதில்லை. சிங்களத்திலும் 'கஹே' என்பது 'மரத்தினது', 'மரத்தில்' என்னும் இரு பொருளும் தரும். பாளியில் நான்காம் வேற்றுமையின் இடத்தைப் பெரும்பாலும் ஆறாவது ஏற்றுக்கொண்டது. எனவே மயக்கம் மொழிகளின் பொது இயல்பு எனலாம்.

மொழித்தொடர்பின் பங்கை மறுப்பது நம் நோக்கமன்று. நீர்கொழும்பு மீனவர் தமிழில் வினைகள் திணை, பால், இட விகுதிகளை இழந்தமைக்குப் பேச்சுச் சிங்களத்தின் செல்வாக்கை ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆயின் அது சான்று கொண்டு நிறுவப்பட்ட முடிபு. சான்றின்றி ஒவ்வொரு திரிபின்மேலும் ஏற்றப்படுவது வெறும் தீர்ப்பு.

இத்தீர்ப்பின் விளைவு இலக்கணத்தோடு நிற்பதன்று. 20ஆம் நூற்றாண்டில் இக்கரையோரத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல சிங்களத்துக்கு மாறின. உருபுகள் தேய்ந்தமையால் அவை மாறவில்லை. பாடசாலையின் மொழி மாறியமையே முதன்மைக் காரணம். முன்னேஸ்வரத்துக்கு அணித்தாகவுள்ள உடப்பிலோ தமிழ் இன்றும் வாழ்கின்றது. ஒரு பிள்ளையின் வீட்டு மொழியை வழுவென அடித்துவிட்டு, அது வழக்கொழிந்தபின் இரங்குவதாற் பயனில்லை. பேசுவோர் உள்ளபோதே அம்மொழியைப் பதிவுசெய்து விளக்குதலே ஆய்வாளர் கடன்.