கசாக்கைத் தேடும் வாசகர்: எல்லைப்புற நூலகப் பட்டியல்களின் மொழி

நூலக அறிவியலில் அண்மைக் காலத்தே மிகுதியாக ஆளப்படும் தொடர்களுள் ‘பயனர் அனுபவம்’ என்பது ஒன்று. வணிகக் கணிப்பொறித் துறையிலிருந்து நூலகத்திற்கு வந்த இத்தொடர், நூலகத்திற்கு வருபவரைப் ‘பயனர்’ ஆக்கிவிட்டது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட சீ. இரா. அரங்கநாதன் அவரை ‘வாசகர்’ என்றே கண்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் காக்கப்பட வேண்டும் என்னும் அவ்விதிகளுக்கு மேலாகப் ‘பயனர் அனுபவம்’ எதையேனும் புதிதாகச் சொல்கிறதா என்பது ஐயத்திற்குரியது. எனினும், அவ்விதிகள் நிறைவேறும் இடம் இன்று கணிப்பொறித் திரையாகிவிட்டமையால், அத்திரையின் மொழியைத் திறனாய்வு செய்யும் கடமை மொழியியலார்க்கு உண்டு. தமிழும் மலையாளமும் ஒரே வாசகரிடம் கூடி வாழும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத்தை முன்வைத்து நூலகப் பட்டியல்களின் மொழியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரு பகுதிகளின் நூலக வரலாறுகள் வேறுபட்டவை. பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் அதற்கும் உரியதாயிற்று. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தவை. அங்கு 1945-இல் பி. என். பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலைச் சங்கத்தின் வழி, ஊர்தோறும் மக்களே நடத்தும் வாயனசாலைகள் பெருகின. கேரளம் முழுமைக்குமான பொது நூலகச் சட்டம் 1989-இல்தான் வந்தது. தமிழ் பேசுவோர் செறிந்து வாழும் சித்தூர், தேவிகுளம், பீருமேடு முதலிய வட்டங்களைக் கருதி, 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்தது. கடிதம் எழுத உரிமை உண்டு. ஆனால் நூலகத் திரையில் ஒரு சொல்லை இட்டுத் தேடுவது கடிதப் போக்குவரத்து ஆகாது. சட்டம் எட்டாத அவ்விடத்தில்தான் இன்றைய சிக்கல் தொடங்குகிறது.

ஒரு நூலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பாலக்காட்டுக்கு அருகிலுள்ள தஸ்ராக் என்னும் சிற்றூரின் நினைவில் பிறந்தது ஓ. வி. விஜயனின் புகழ்பெற்ற நாவல். 1969-இல் நூல்வடிவம் பெற்ற அதன் மலையாளத் தலைப்பு ‘கஸாக்கிண்டெ இதிஹாஸம்’ என ஒலிக்கும். ஆசிரியரே செய்த ஆங்கில ஆக்கம் 1994-இல் வந்தது. யூமா வாசுகியின் தமிழாக்கம் ‘கசாக்கின் இதிகாசம்’. மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமிப் பரிசு 2017-ஆம் ஆண்டுக்கு இதற்கே வழங்கப்பட்டது. நாவலில் வரும் இராவுத்தர்களின் பேச்சிலேயே தமிழ் விரவியிருப்பதால், இத்தமிழாக்கத்தை ஒருவகையில் வீடு திரும்புதல் எனலாம். சித்தூர் வட்டத்து வாசகர் ஒருவர் இந்நாவலின் மூலத்தையும் தமிழாக்கத்தையும் ஒருங்கே காண விரும்பினால் பட்டியல் அவருக்கு உதவுமா?

முதல் தடை எழுத்து நிலையிலேயே உள்ளது. மலையாளத் தலைப்பின் ‘ண்டெ’ என ஒலிக்கும் பகுதியைக் கணிப்பொறியில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் உள்ளிடலாம். நகரத்தையும் றகரத்தையும் சந்திரக்கலையால் இணைப்பது ஒரு வழி. னகரச் சில்லெழுத்தோடு சந்திரக்கலையும் றகரமும் சேர்ப்பது மற்றொரு வழி. சில்லெழுத்துகளுக்கு ஒருங்குறியில் தனியிடம் 2008-இல், அதன் 5.1-ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. அதற்கு முன்னர்ச் சில்லெழுத்து, மெய்யுடன் கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக் குறி ஒன்றைச் சேர்த்தே பெறப்பட்டது. திரையில் இவை யாவும் ஒன்றாகவே தோன்றக்கூடும். கணிப்பொறிக்கோ இவை வெவ்வேறு சரங்கள். ஒருங்குறியின் இயல்பாக்க விதிகளும் இவற்றை ஒன்றெனக் கொள்வதில்லை. எனவே 2005-இல் உள்ளிட்ட பதிவை இன்றைய விசைப்பலகையால் தேடுபவர்க்கு, அந்நூல் அடுக்கில் கண்முன்னே இருக்க, ‘முடிவுகள் இல்லை’ என்னும் விடை வருதல் கூடும்.

தமிழ் இக்குறையிலிருந்து முற்றும் விலகியதன்று. ஒகர உயிர்மெய்க் குறியைப் பிரித்து உள்ளிட்டாலும் சேர்த்து உள்ளிட்டாலும் இயல்பாக்கம் அதனை ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘கௌரி’ என்பதைக் கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெளரி’ என எழுதும் வழக்கத்தை எவ்விதியும் திருத்தாது. 2005-இல் ‘ஶ’ ஒருங்குறியில் இடம்பெற்ற பின்னர் ‘ஸ்ரீ’ என்னும் வடிவமும் இருவகை உள்ளீடுகளுக்கு உரியதாயிற்று. ‘ஸ்ரீ’ எனத் தொடங்கும் தலைப்புகள் எத்துணை என்பதை எந்நூலகரும் அறிவர். கண்ணால் படிப்பவர்க்கு எழுத்துப்பிழையாகவும் தோன்றாத இவ்வேறுபாடுகள் தேடுபவர்க்கு மட்டும் சுவராகி நிற்கின்றன.

இரண்டாவது தடை ஒலிபெயர்ப்பு. உலக நூலகங்கள் பலவும் இந்திய மொழித் தலைப்புகளை உரோம எழுத்தில் பெயர்த்தே பட்டியலிட்டு வந்துள்ளன. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் அட்டவணையாயினும், 2001-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரமாயினும், எழுத்தையே பெயர்க்கின்றன, ஒலியை அன்று. தமிழின் ஒரு ககரம் மலையாளத்தில் நான்கு எழுத்துகளாக விரிவதால், ‘கசாக்’ என்பதன் தமிழ் வடிவும் மலையாள வடிவும் உரோமத்தில் முதலெழுத்திலேயே பிரிந்துவிடும். காந்தியின் பெயர்க்கும் இதே நிலைதான். இதற்கு மாறாகச் சிலப்பதிகாரத்தை நோக்கலாம். பாலக்காட்டு மாவட்டத்து நெம்மாறையைத் தம் பெயரிலேயே தாங்கிய நெம்மாற பி. விசுவநாதன் நாயர் அக்காப்பியத்தை மலையாளமாக்கினார். அத்தலைப்பை இருமொழியினரும் இணையான எழுத்துகளால் எழுதுவதால் உரோம வடிவங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன. இரு மொழிகளுக்கும் பொதுவான பழஞ்சொல் பட்டியலிலும் ஒன்றுகிறது. மலையாளம் வடமொழி ஒலிகளைத் தனியெழுத்தால் காட்டும் இடத்தில் பட்டியலும் பிளவுபடுகிறது. மொழி வரலாற்றின் பிளவுக் கோடே தேடுபொறியின் பிளவுக் கோடாகவும் அமைவது மொழியியலார் கருதத்தக்கது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 1998-இல் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பு வெளியிட்ட கருத்துருவம், ‘படைப்பு’ வேறு, அது மொழிதோறும் பெறும் ‘வெளிப்பாடு’ வேறு எனப் பகுத்தது. மூலத்தின் ஒருமைத் தலைப்பும் மூலமொழியும் தமிழாக்கத்தின் பதிவில் இடம்பெற்றால் இரண்டும் தாமே இணையும். அதற்குரிய புலங்கள் நடைமுறையிலுள்ள பதிவு வடிவத்தில் நெடுங்காலமாகவே உண்டு. நிரப்புவார் இல்லை என்பதே குறை. மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கூடக் குறிக்காது விடும் பட்டியலில் மூலத் தலைப்பை எதிர்பார்ப்பது மிகை எனலாம்.

அடுக்கும் ஒரு தொழில்நுட்பமே. தூயி பகுப்புமுறையில் தமிழ் இலக்கியம் 894.811, மலையாள இலக்கியம் 894.812. மொழிபெயர்ப்பை மூலமொழியின் எண்ணிலேயே வைக்க வேண்டும் என்பது அம்முறையின் விதி. விதியை அப்படியே பின்பற்றினால் ‘கசாக்கின் இதிகாசம்’ மலையாள அடுக்கிற்குச் சென்றுவிடும். தமிழ் அடுக்கின் முன் நிற்கும் வாசகர் அதனைக் காணார். அரங்கநாதனின் கோலன் பகுப்பிலும் தமிழ் 31, மலையாளம் 32 எனப் படைப்பு மூலமொழியோடுதான் செல்லும். ஆயினும் நூலெண்ணில் நூலின் மொழி காட்டப்படுவதால், ஒரே படைப்பின் இரு மொழி வடிவங்கள் அடுத்தடுத்து நிற்க இயலும். இருமொழி வாசகர்க்கு இதனினும் ஏற்ற அடுக்குமுறை அரிது. அதனைக் கைவிட்டுத் தூயி முறையைப் பல நூலகங்கள் தழுவியதற்கு நிருவாகக் காரணங்கள் பல இருக்கலாம். எல்லைப்புற வாசகரின் நலம் அவற்றுள் ஒன்றன்று.

இனி இடைமுகத்தின் மொழி. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக ஆக்கப்பெற்று 2000-ஆம் ஆண்டு சனவரியில் செயற்பாட்டுக்கு வந்த ‘கோஹா’ என்னும் கட்டற்ற மென்பொருள், இன்று கேரளத்தின் பல கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் பயன்படுகிறது. ‘கோஹா’ என்பது மாவோரி மொழியில் கொடையைக் குறிக்கும். கொடையாக வந்ததைத் தமிழாக்கும் வழியில்தான் இடர். மென்பொருளின் தொடர்கள் சூழலினின்று பிரிக்கப்பட்டு, துண்டு துண்டாக மொழிபெயர்ப்பாளரிடம் வருகின்றன. பெயர்ச்சொல் வரவேண்டிய இடத்தில் வெற்றிடக் குறி ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் வெற்றிடத்திற்கு முன்னே நிற்பதால் எப்பெயர் வந்தாலும் தொடர் கெடாது. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரின் ஈற்றில் ஒட்டி, ஈற்றையே மாற்றும்.

எல்லைப்புற ஊர்ப்பெயர்கள் இதற்கு நல்ல சான்று. மறையூர் ‘மறையூரில்’ ஆகும். குமுளி ‘குமுளியில்’ ஆகும். ஆனால் தேவிகுளம் ‘தேவிகுளத்தில்’ என அத்துச் சாரியை ஏற்கும். பாலக்காடு, பீருமேடு, கொல்லங்கோடு ஆகியவை டகரம் இரட்டித்துப் ‘பாலக்காட்டில்’, ‘பீருமேட்டில்’, ‘கொல்லங்கோட்டில்’ என வரும். மூணாறும் வண்டிப்பெரியாறும் றகரம் இரட்டித்து ‘மூணாற்றில்’, ‘வண்டிப்பெரியாற்றில்’ என்றாகும். வெற்றிடக் குறியின் பின் ‘இல்’ என்று மட்டும் எழுதிவைத்த மொழிபெயர்ப்பு, திரையில் ‘மூணாறு இல்’ எனத் தோன்றும். மூணாறு இல்லை என்று வாசகர் அதனைப் படித்தால் பிழை அவருடையதன்று. ‘ஆல்’ உருபை ஆசிரியர் பெயரின் முன்னே நிறுத்தி ‘ஆல் ஓ. வி. விஜயன்’ என எழுதுவதும் இவ்வகையினதே.

இதற்கும் தமிழிலக்கணத்தினுள்ளேயே வழி உண்டு. உருபை மாறும் பெயரினின்று நீக்கி, மாறாத பொதுப்பெயரின்மேல் ஏற்றலாம்: ‘மூணாறு நூலகத்தில்’, ‘பாலக்காடு கிளையில்’. எழுவாயாக நிற்கும் பெயர் உருபு ஏலாது என்னும் இயல்பைக் கொண்டு ‘ஓ. வி. விஜயன் எழுதிய நூல்கள்’ எனப் பெயரெச்சத் தொடராக்கலாம். இரண்டும் இயலாவிடின் ‘ஆசிரியர்: ஓ. வி. விஜயன்’ எனப் புள்ளி இட்டு நிறுத்தலாம். இம்மூன்றும் பத்திரிகைத் தமிழிலும் அலுவலகப் படிவங்களிலும் முன்னரே பழகியவை. மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் பலர் அவற்றை நாடாமைக்குக் காரணம், அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு இலக்கணத்தை மறந்தமையே.

ஏவல் வடிவம் மற்றொரு சிக்கல். மலையாளத்தில் ‘திரயுக’ என்னும் வடிவம் ஒருமை, பன்மை, மரியாதை ஆகிய எதனையும் சுட்டாது. பொத்தானுக்கு மிகவும் ஏற்றது. தமிழில் ‘தேடு’ என்றால் முதியவரை ஒருமையில் ஏவுவதாகும். ‘தேடவும்’ அலுவலக ஆணையின் தொனி உடையது. ‘தேடுங்கள்’ நீளமெனக் கருதப்படுகிறது. வியங்கோளாகிய ‘தேடுக’ மட்டுமே மலையாள வடிவுக்கு நெருங்கி நிற்பது. இரு மொழியும் அறிந்த எல்லைப்புற வாசகர்க்கு இவ்வொப்புமை துணையாகும். ஆனால் ஒப்புமை எங்கும் துணையாகாது. மலையாள ‘வாய்ப’ கடனைக் குறிக்கும். தமிழ் ‘வாய்ப்பு’ அதனின் வேறு. மலையாளத் திரையைப் பார்த்துத் தமிழ்த் திரையை ஆக்குவோர் இத்தகைய இடங்களில் விழிப்பாக இருத்தல் வேண்டும். ‘இரவல்’ என்னும் எளிய சொல் இருக்கையில் ‘வெளிச்சரிபார்ப்பு’ போன்ற ஆக்கங்களைத் தேடிப் போவது வீண்.

இவ்வளவும் கணிப்பொறி உள்ள நூலகத்தைப் பற்றியவை. கணிப்பொறி இல்லாத நூலகம் ஒன்றும் இங்கு எண்ணத்தக்கது. இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடி, 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. அங்கு வாழும் முதுவான் மக்களின் பேச்சு தமிழுக்கு நெருங்கியது. அவர்கள் பள்ளியில் கற்கும் எழுத்து மலையாளம். காட்டினுள் இருப்புக்கல்லுக்குடியில் பி. வி. சின்னத்தம்பி என்னும் முதியவர், ஆசிரியர் பி. கே. முரளீதரனின் துணையுடன் தம் தேநீர்க் கடையிலேயே சுமார் 160 நூல்கள் கொண்ட நூலகம் ஒன்றை நடத்தியதைப் பி. சாய்நாத் 2014-இல் எழுதி உலகறியச் செய்தார். நூல்கள் சாக்குப் பைகளில் இருந்தன. இரவல் பதிவேடு கையால் எழுதப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் 37 இரவல்கள் அதில் பதிவாயின. சிலப்பதிகாரத்தின் மலையாள வடிவும் அங்கிருந்த நூல்களுள் ஒன்று. அங்குத் தேடுபொறி அம்முதியவரே. வாசகர் எப்பேச்சில் கேட்டாலும், பெயரைப் பாதி மறந்து கேட்டாலும், அவர் நூலை எடுத்துக் கொடுத்திருக்க இயலும். ‘கௌரி’யின் ஔகாரத்தை எவ்விரு குறியால் எழுதினாய் என்று கேட்க வேண்டிய தேவை அவர்க்கு இல்லை.

160 நூல்களுக்குப் போதுமான அம்முறை பெருந்தொகுப்புகளுக்குப் போதாது என்பது உண்மை. எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் 2018-இல் கொலையுண்ட மாணவர் அபிமன்யுவின் நினைவாக, அவர் பிறந்த வட்டவடையில் மறு ஆண்டு ஒரு நூலகம் திறக்கப்பட்டது. அதற்குப் பல திசைகளினின்றும் மக்கள் நூல்களை நன்கொடையாக அனுப்பினர். வட்டவடை தமிழ் வழங்கும் ஊர். இத்தகைய ஊர்களுக்கு வந்து சேரும் நூல்களுக்குப் பதிவு எழுதுபவர், மலையாளத் தலைப்பின் கீழ்த் தமிழ்த் தலைப்பையும், தமிழ்த் தலைப்பின் கீழ் மூலத் தலைப்பையும் ஒரு வரி கூடுதலாக எழுதினால், அடுத்த தலைமுறை மென்பொருள் எதுவாயினும் அவ்விரு நூல்களும் ஒன்றையொன்று அறியும். அந்த ஒரு வரியை எழுதுவதற்கு இரு எழுத்துகளும் கற்ற ஒருவர் வேண்டும். மென்பொருளுக்கு நிதி ஒதுக்கும் திட்டங்கள், எல்லைப்புற நூலகங்களில் அத்தகைய பணியிடம் ஒன்றையும் சேர்த்து ஒதுக்குதல் வேண்டும்.